டிஸ்சார்ஜ் புக்கில் பஷ்சிமி ஸ்டார் மெடல் இல்லை. 1971 பதிவைத் திருத்த எங்கே, எப்படி எழுதுவது?

டோசர்காரன் (தக்கலை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 76 வயது. சொல்வது நான், போனில் தட்டுவது பேத்தி. பழைய பட்டாளத்துக்காரர்கள் பலர் இங்கே எழுதுகிறீர்கள் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

1968-ல் எஞ்சினியர்ஸில் சேர்ந்தேன். ட்ரேட் ஓ.இ.எம்., அதாவது டோசர் மாதிரி மண்வேலை எந்திரங்கள் ஓட்டுகிறவன். பதினேழு வருடம் முடித்து 1985-ல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். யூனிட் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த யூனிட்டின் சோறு தின்று வளர்ந்த உடம்பு இது. எவனோ ஒரு கிளார்க் விட்ட பிழைக்கு அதன் பெயரை நாலு பேர் முன்னால் இழுக்க மனம் வரவில்லை.

என் டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது தரும் சர்வீஸ் புத்தகத்தில், மெடல் எழுதும் இடத்தில் மூன்றுதான் இருக்கின்றன. சங்கிராம் மெடல், சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடல், ஒன்பது வருட சர்வீஸ் மெடல். இந்த மூன்றும் அந்தக் காலத்தில் சர்வீஸில் இருந்த பலருக்கும் வந்தவை. சங்கிராம் மெடல் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையான சர்வீஸுக்குப் பரவலாகக் கொடுத்தது. சண்டைக்கு ரொம்பப் பின்னால் ஸ்டோர் சாவியை வைத்துக்கொண்டு இருந்தவனுக்கும் அது உண்டு. குறை சொல்லவில்லை, அவனும் வேலைதான் செய்தான். ஆனால் 71 பாகிஸ்தான் சண்டை நடந்த இடத்தில் இருந்தவனுக்குக் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஷ்சிமி ஸ்டார் என்று தனியாக உண்டு. எனக்கு வர வேண்டியது பஷ்சிமி ஸ்டார். வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் யூனிட் அப்போது ரொம்பப் பின்னால் இருந்தது. 71 நவம்பரில் என்னையும் பாறசாலைக்காரன் ஒருவனையும், இரண்டு டோசர்களோடு, வேறொரு பீல்டு கம்பெனிக்கு (முன்னணியில் வேலை செய்யும் எஞ்சினியர் படை) அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாக, அனுப்பினார்கள். அந்தக் கம்பெனி போன இடம் மேற்கே பாகிஸ்தான் பக்கம் ஷகர்கர் செக்டர். அங்கே ஓடுவது பசந்தர் ஆறு.

பசந்தர் என்றதும் நம் குழித்துறை ஆறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். டிசம்பரில் தண்ணீர் அதிகம் கிடையாது. சதுப்புத்தான் சதி. மேலே காய்ந்த மாதிரி தெரியும், டாங்கி ஏறினால் கொழகொழவென்று உள்ளே வாங்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மைன், அதாவது கண்ணிவெடி. 15-ஆம் தேதி ராத்திரி பீல்டு கம்பெனிப் பையன்கள் முன்னால் போய் மைன் எடுத்து, பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போனார்கள். கரையைச் சரித்து டாங்கி இறங்க வழி போடுவது எங்கள் வேலை. லைட் போடக் கூடாது. நாடாவுக்கு வெளியே ஒரு முழம் போனால் டோசரும் இல்லை, நானும் இல்லை. பாறசாலைக்காரன் கீழே இறங்கி நின்று கையில் ஒரு வெள்ளைத் துணியை ஆட்டி வழி காட்டினான். அது அவன் அம்மா கொடுத்துவிட்ட தோர்த்து. அந்தப் பனிமூட்டத்தில் அந்தத் தோர்த்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் எஞ்சின் பிடிக்காமல், சம்புக்கு (எஞ்சின் எண்ணெய்த் தொட்டி) அடியில் தீ மூட்டி எண்ணெயைச் சூடாக்கியது இன்றும் மூக்கில் மணக்கிறது.

ஜனவரியில் நான் என் யூனிட்டுக்குத் திரும்பினேன். பாறசாலைக்காரனை பீல்டு கம்பெனியே நிரந்தரமாக வைத்துக்கொண்டது. ஸ்டாருக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பியபோது அந்தக் கம்பெனி தன் ஆட்களை எழுதியது, அவன் பெயர் அதில் வந்தது. என் யூனிட் தன் ஆட்களை எழுதியது. அது இருந்த இடத்துக்கு ஸ்டார் கிடையாது, ஆகவே எனக்கும் கிடையாது. நான் கேட்டேன். "நீ அட்டாச்மென்ட் போன இடத்தில் கேள்" என்றார் கிளார்க். அங்கே எழுதிக் கேட்டேன். "உன் பேரண்ட் யூனிட் போடும்" என்று பதில். அப்புறம் வேறு இடத்துக்குப் போஸ்டிங். 22 வயதில் மெடலையா நினைப்போம்? லீவு கிடைக்குமா, ரயிலில் இடம் கிடைக்குமா என்பதுதான் நினைப்பு. விட்டுவிட்டேன்.

2021 டிசம்பரில், 50-ஆம் ஆண்டு என்று, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மெடல் குத்திக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கே படித்துவிட்டு வந்தானோ, "பாட்டா, சண்டையில இருந்தவங்களுக்கு ஸ்டார் உண்டுல்லா, உங்களுக்கு ஏன் இல்ல?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் வாத்தியார் அவனை உட்கார வைத்துவிட்டார். அந்தப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பாறசாலைக்காரன் இரண்டு வருடம் முன்னால் இறந்துபோனான். இப்போது சாட்சிக்கும் ஆள் இல்லை. உள்ளூரில் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "இத்தனை வருஷம் கழிச்சா? ஃபைலே இருக்காது" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இதற்கு வழி உண்டா? யாருக்கு எழுத வேண்டும், எதை வைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடியப்பட்டணத்தான் எழுதியது:

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டார் வந்தால் பென்ஷன் ஏதாவது கூடுமா? கூடாது என்றால் இந்த வயதில் அலைச்சல் எதற்கு? உடம்பைப் பாருங்கள்.

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

தம்பி, ஒரு பைசா கூடாது. வீரச் செயலுக்குக் கொடுக்கும் சக்ராக்களுக்கு மாதப் படி உண்டு. இந்த மாதிரி ஸ்டாருக்கு அதெல்லாம் இல்லை. பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

என் பறம்பில் நாற்பது ரப்பர் மூடு நிற்கிறது. பத்திரத்தில் சர்வே நம்பர் தப்பாக இருந்தால் நீர் சும்மா இருப்பீரா? மரம் அங்கேயேதான் நிற்கும், பால் வடியத்தான் செய்யும். ஆனாலும் தாலுக்கா ஆபீசுக்குப் போவீர் அல்லவா? அப்படித்தான் இதுவும். அந்தப் புக்கின்படி நான் 71 டிசம்பரில் வேறு எங்கோ இருந்தேன்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் கேரளபுரம் வரை நடக்கிறேன்.

---

ரெக்கார்ட்ஸ் கிளார்க், ஓய்வு (திங்கள்சந்தை) எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவன். கடைசி ஆறு வருடம், பட்டாளத்து ஆட்களின் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீசில் டாக்குமென்ட் பக்கம் வேலை. நீங்கள் திட்டும் ஜாதிதான் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஃபைலே இருக்காது என்று சொன்னவருக்கு விவரம் தெரியாது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் டாக்குமென்ட்களைத்தான் 25 வருடம் கழித்து அழிப்பார்கள். அவர்களுக்கும் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரு வரி நிற்கும். நீங்கள் பென்ஷன்காரர். உங்கள் ஷீட் ரோல், அதாவது சர்வீஸ் முழுவதையும் எழுதும் மூலப் பதிவு, ரெக்கார்ட்ஸில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக் என்பது வெளியே வரும்போது ஷீட் ரோலைப் பார்த்து எழுதித் தரும் சுருக்கம். சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம், மூலத்தைப் பாருங்கள்.

மெடல் இல்லை என்று வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. சிலருக்கு ஷீட் ரோலில் மெடல் ஏறியிருக்கும், பொருள் மட்டும் கைக்கு வந்திருக்காது. 71 மெடல்கள் பலருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தன. அதற்குள் ஆள் போஸ்டிங்கிலோ பென்ஷனிலோ போயிருப்பான். இது லேசான கேஸ், "ஏறியிருக்கிறது, கொடுங்கள்" என்று ஒரு கடிதம் போதும். இன்னும் சிலர் வாங்கித் தொலைத்தவர்கள். டூப்ளிகேட் கேட்டுப் பணம் கட்ட வேண்டும், அது வேறு கதை. உங்களுடையது மூன்றாவது வகை, மெடல் பதிவிலேயே ஏறாதது. கஷ்டமானது இதுதான்.

ஏன் ஏறவில்லை என்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பட்டாளத்தில் ஒருவனுக்கு எது நடந்தாலும், கல்யாணம், பிள்ளை, போஸ்டிங், கோர்ஸ், மெடல், எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. யூனிட் ஆர்டர் போடும், ரெக்கார்ட்ஸ் அதைப் பார்த்து ஷீட் ரோலில் ஏற்றும். ஆர்டர் வரவில்லை என்றால் ஆளே முன்னால் வந்து நின்றாலும் எங்களுக்கு அவன் இல்லை. அட்டாச்மென்ட் போனவர்களுக்கு இந்தப் பிழை அடிக்கடி வரும். சோறு ஒரு யூனிட், பேப்பர் ஒரு யூனிட்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெடலுக்கு ஆர்டர் வராமல் போயிருக்கலாம். அட்டாச்மென்டுக்கு ஆர்டர் வந்திருக்கலாம். அது ஷீட் ரோலில் ஏதோ ஒரு மூலையில் இருந்தால் உங்கள் கேஸ் பாதி முடிந்தது. ஆகவே முதல் வேலையாக மெடல் கேட்காதீர்கள். ஷீட் ரோல் நகல் கேளுங்கள்.

எந்த ரெக்கார்ட்ஸ் என்பது உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்திராபாத். சும்மா "ஆர்மி ஹெட்குவார்ட்டர்ஸ், டெல்லி" என்று எழுதிப் போட்டால் அது ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் அந்த ரெக்கார்ட்ஸுக்குத்தான் வரும்.

வீட்டில் 71 நவம்பர், டிசம்பர் காலத்துப் பேப்பர் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். மூவ்மென்ட் ஆர்டர், லீவு சர்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் சரி.

---

ஆரல்வாய்மொழி கன்னர் எழுதியது:

அண்ணே, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? டெல்லி கண்டோன்மென்ட்ல கோபிநாத் பஜார்னு ஒண்ணு இருக்கு. பட்டாளத்துச் சாமான் எல்லாம் அங்க கிடைக்கும். மெடல், ரிப்பன், சேர்த்துக் கட்டித் தருவான். என் 9 வருச மெடல் தொலைஞ்சப்ப அங்கதான் வாங்கினேன். பஷ்சிமி ஸ்டாரும் இருக்கும். நீங்க சண்டையில இருந்தது நிஜம்தான? வாங்கிக் குத்துங்க. எவன் வந்து கேட்கப் போறான்?

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

கன்னரே, உம்முடையது பதிவில் இருந்து தொலைந்தது. கடையில் வாங்கினாலும் அது உம்முடையதுதான். எனக்கு அப்படி இல்லை. கடையில் கிடைப்பதில் நம்பரும் பெயரும் இருக்காது. சர்க்கார் கொடுப்பதில் வெட்டியிருக்கும். என் சங்கிராம் மெடலைத் திருப்பிப் பார்த்தால் என் நம்பர் இருக்கிறது. வயதாகி ஆதார் நம்பர் மறந்துபோனாலும் அந்த நம்பர் மறக்காது.

எவன் கேட்பான் என்கிறீர். எட்டாம் வகுப்புப் பையன் கேட்டானே!

---

சிக்னல்மேன் மகள் (மார்த்தாண்டம்) எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். என் அப்பா சிக்னல்ஸ். அவருக்கு சைன்ய சேவா மெடலில் ஹிமாலயா கிளாஸ்ப் (மெடல் ரிப்பனில் போடும் பட்டை) பதிவில் விடுபட்டிருந்தது. அப்பா இருக்கும்போதே ஆரம்பித்து, அவர் போன பிறகு நான் முடித்தேன். அதனால் சில விஷயம் தெரியும்.

ஷீட் ரோல் நகலுக்குச் சாதாரணக் கடிதம் இரண்டு போட்டோம், பதில் இல்லை. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஒரு பக்க விண்ணப்பம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொன்னார்கள். பதில் வராவிட்டால் அதே அமைப்பில் மேல் அதிகாரிக்கு முதல் அப்பீல், அதற்கும் மேல் மத்திய தகவல் ஆணையம். எனக்கு அப்பீல் தேவைப்படவில்லை. கேட்பதைக் கேள்வியாகக் கேட்காமல் "இந்த ஆவணத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். ஏன் மெடல் தரவில்லை என்று கேட்டால் வளவளவென்று ஒரு பதில் வரும், பேப்பர் வராது.

எனக்கு நிஜமான தொல்லை வேறு இடத்தில் வந்தது, பெயரில். நமக்கு இனிஷியல்தானே உண்டு? பட்டாளத்தில் சேரும்போது அப்பாவின் இனிஷியலை விரித்து, தாத்தா பெயரை முன்னால் போட்டு, அதிலும் ஓர் எழுத்தை விட்டு எழுதியிருந்தார்கள். ஆதாரில் இனிஷியல் கடைசியில். பேங்கில் வேறு மாதிரி. ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு மூன்றும் மூன்று ஆள் போல நின்றன. அம்மாவின் பெயரிலும் இதே கூத்து. ஆகவே எல்லா இடத்திலும் ஆர்மி நம்பரை முதலில் எழுதுங்கள். பெயரை டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தப்போடு சேர்த்து எழுதுங்கள். ஆதார் பெயரை அடைப்புக்குள் போடலாம்.

இன்னொன்று. நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஒரு முகப்புக் கடிதத்தோடு அனுப்பினால் நல்லது. எனக்குச் செய்து கொடுத்தார்கள். நேரடியாகவும் ஒரு பிரதி அனுப்பினேன்.

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

மகளே, நன்றி. அப்பாவுக்கு அந்தக் கிளாஸ்ப் வந்ததா?

---

சிக்னல்மேன் மகள் (மார்த்தாண்டம்) எழுதியது:

வந்தது ஐயா. அப்பா படத்துக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை துடைப்பார்.

---

ரெக்கார்ட்ஸ் கிளார்க், ஓய்வு (திங்கள்சந்தை) எழுதியது:

அந்தப் பிள்ளை சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அண்ணா, 71-ல் வீட்டுக்குக் கடிதம் போட்டிருப்பீர்களே? அனுப்புநர் முகவரியில் என்ன எழுதுவோம்? நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (பட்டாளத் தபால் ஆபீஸ்). அட்டாச்மென்டில் இருந்தபோது எந்த யூனிட் பெயர் எழுதினீர்கள்? அந்தக் கம்பெனி பெயரைத்தானே? இல்லாவிட்டால் பதில் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது. கடிதத்தின் மேல் பீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் அதன் எண்ணும் தேதியும் விழுந்திருக்கும். அப்படி ஒரு இன்லேண்ட் கிடைத்தால், பட்டாளமே அடித்த முத்திரையோடு உங்கள் கையெழுத்தில் ஒரு சாட்சி.

வார் டைரியைத் தோண்டலாம் என்று யாராவது சொன்னால் அதில் இறங்காதீர்கள். யூனிட் எங்கே போனது, என்ன செய்தது என்று அதில் இருக்கும். ஒரு டோசர்காரன் பெயரை எவனும் அதில் எழுதியிருக்க மாட்டான்.

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

பழைய வீட்டு அடுக்களையில் அம்மா ஒரு கம்பி வைத்திருந்தாள். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி. வீட்டுக்கு வரும் கடிதம், கரண்ட் சீட்டு, தீர்வை ரசீது எல்லாம் அதில் குத்திவிடுவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எதை எறியலாம் என்று தெரியாததால் எதையும் எறியவில்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது என் மனைவி அந்தக் கம்பியை அப்படியே மண்ணெண்ணெய் டின் ஒன்றுக்குள் இறக்கி, தட்டின்மேல் ஏற்றிவிட்டாள். நேற்று பேத்தியை ஏணியில் ஏற்றினேன்.

பாதிக்கு மேல் ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. 1974 தீர்வை ரசீது முழுதாக இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய? அடியில் போகப்போக இன்லேண்ட்கள். நடுவில் ஓட்டையோடு ஒன்று, டிசம்பர் 26, 71 என்று முத்திரை. எண் முதல் இரண்டு இலக்கம் தெளிவு, மூன்றாவது மேல் கம்பி ஏறிவிட்டது. ஆனால் அனுப்புநர் முகவரி முழுதாக இருக்கிறது. கிளார்க் தம்பி சொன்ன மாதிரியே, பீல்டு கம்பெனியின் பெயர், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.

உள்ளே என்ன எழுதினேன் என்று பேத்தி வாசித்துக் காட்டினாள். "நான் சுகம். இங்கே குளிர் கொஞ்சம் உண்டு. சாப்பாடு நன்று. மரச்சீனி இந்த வருடம் எப்படி? கடனுக்கு மாடு வாங்க வேண்டாம்." இவ்வளவுதான். பத்து நாள் முன்னால் பசந்தரில் நின்றவன் எழுதிய கடிதம். அம்மாவுக்கு இதை வாசித்துச் சொன்னவர் தபால்காரர். பேத்தி என்னைப் பார்த்து, "சண்டையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் இப்போது உதவியிருக்குமே" என்கிறாள். அவளிடம் என்ன சொல்ல!

தகவல் உரிமை விண்ணப்பம் நேற்றே போட்டாயிற்று.

---

கடியப்பட்டணத்தான் எழுதியது:

ஐயா, நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஷீட் ரோல் வந்ததும் இங்கே சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

நாற்பத்தொரு நாள் ஆயிற்று. இடையில் பக்கம் எண்ணிப் பணம் கட்டச் சொல்லி ஒரு கடிதம். 14 பக்கம், 28 ரூபாய். கட்டினேன். இன்று நகல் வந்தது.

நகலின் நகல் போல மங்கல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் பக்கத்தில், என் ட்ரேட் டெஸ்ட் வரிக்கும் ஒரு லீவு வரிக்கும் நடுவில், அந்தக் கம்பெனியின் பெயரும் "அட்டாச்டு" என்பதும், 13 நவம்பர் 71 என்ற தேதியும். இரண்டு வரி தள்ளி, 8 ஜனவரி 72-ல் திரும்பினான் என்று. பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் இருக்கிறது. மெடல் பக்கத்தில் மட்டும் ஸ்டார் இல்லை.

அப்படியானால் நான் போனதும் தெரியும், வந்ததும் தெரியும். என் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஒரு தடவை லீவு முடிந்து இரண்டு நாள் தாமதமாக வந்ததற்கு வாங்கிய தண்டனை, எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. அந்தத் தண்டனையை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். பேத்தி வாசித்துவிட்டாள். இப்போது ஊருக்கே தெரியும்.

இனி மெடலுக்கான கடிதம் எழுத வேண்டும். பசந்தரில் நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி நாலு பக்கம் ஆகிவிட்டது. கிளார்க் தம்பி பார்த்துச் சொல்ல வேண்டும்.

---

ரெக்கார்ட்ஸ் கிளார்க், ஓய்வு (திங்கள்சந்தை) எழுதியது:

அண்ணா, அந்த ஐந்தாம் பக்கத்தைப் படித்ததும் எழுந்து ஒரு கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். 71-ல் அந்த வரியை எழுதிய கிளார்க்கை இனி திட்டாதீர்கள். அவன் தன் வேலையைச் செய்திருக்கிறான். மெடல் பட்டியல் போட்டவன்தான் இதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு பக்கம் வேண்டாம். தோர்த்து, பனி, சம்பு எல்லாம் எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம். ரெக்கார்ட்ஸில் மேசையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒரு நாளைக்கு நூறு கடிதம். முதல் வரியில் நம்பர், ரேங்க், பெயர், ட்ரேட், சேர்ந்த தேதி, பென்ஷன் வந்த தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் ஆர்டர்) எண். இரண்டாவது பத்தியில், "ஷீட் ரோல் பக்கம் 5-ன்படி 13.11.71 முதல் 8.1.72 வரை இந்தக் கம்பெனியுடன் இருந்தேன், அந்தக் கம்பெனி ஷகர்கர் செக்டரில் இருந்தது, எனவே பஷ்சிமி ஸ்டாருக்கு உரியவன், பதிவில் ஏற்றி வழங்க வேண்டுகிறேன்" என்று மட்டும். மூன்றாவது பத்தி இணைப்புகள்: ஷீட் ரோல் நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், இன்லேண்டின் இரண்டு பக்கமும். பாறசாலைக்காரர் வீட்டில் கேட்டு அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் ஸ்டார் இருக்கும் பக்கத்தின் நகல் கிடைத்தால் அதுவும். ஒன்றாகப் போன இரண்டு பேரில் ஒருவருக்கு ஏறியிருக்கிறது என்றால் மற்றவருக்கு மறுப்பது கஷ்டம்.

ஒரிஜினல் எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பியதைத் திரும்ப வாங்குவது இன்னொரு பசந்தர்.

மறுத்து எழுதினால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே போக வேண்டி வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

டோசர்காரன் (தக்கலை) எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை பாறசாலை போனேன். களியக்காவிளையில் பஸ் மாறி, அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர். அவன் மனைவி என்னைப் பார்த்து அழுதாள், அப்புறம் சோறு போட்டாள். டிஸ்சார்ஜ் புக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை, பைபிளுக்குள் இருந்தது. ஸ்டாரையும் எடுத்துக் காட்டினாள். பச்சை பூத்திருக்கிறது. துடைக்கவா என்றாள், நாளை துடைக்கலாம் என்றேன். மகன் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். நான் அதை நம்பாமல் ஜெராக்ஸும் எடுத்து வந்தேன். தோர்த்துக் கதையை அவளுக்கு அவன் சொன்னதே இல்லையாம். நான் சொன்னேன்.

கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்தது. கடைசியில் "அன்று கூட இருந்த நண்பர் காலமாகிவிட்டார்" என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். கிளார்க் தம்பி கோபிக்க வேண்டாம், அதை எடுக்க மனம் வரவில்லை.

நாகர்கோவில் வழியாக ஒன்று, நேராக ஒன்று, இரண்டும் இன்று போயாயிற்று. இன்லேண்டைத் திரும்பக் கம்பியில் குத்த விடமாட்டேன் என்று பேத்தி பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள். கம்பி காலியாக இருந்தது. ஸ்பீட் போஸ்ட் ரசீதை அதில் குத்தி அடுக்களையில் மாட்டியிருக்கிறேன்.